மாலை ஆறு மணிக்கு நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

மாலை ஐந்தரை மணி. விருத்தாசலம் பக்கமோ, காட்டுமன்னார்கோவில் பக்கமோ, ஏதாவது ஒரு கிராமத்துப் பேருந்து நிறுத்தத்தில் நின்று பாருங்கள். அரசுப் பேருந்து வந்து நிற்கும். புத்தகப் பையோடு பத்து இருபது பிள்ளைகள் இறங்குவார்கள். பகல் முழுவதும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள், ஒரே பேருந்தில் நெருக்கியடித்து நின்று வந்தவர்கள், இறங்கியதும் இரண்டாகப் பிரிவார்கள். ஒரு பகுதி ஊருக்குள் போகும். இன்னொரு பகுதி சாலையை விட்டு இறங்கி, வாய்க்காலைத் தாண்டி நம் தெருவுக்கு வரும்.

அதற்குப் பிறகு என்ன? பெண் பிள்ளைகள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். குடத்தை எடுப்பார்கள், அடுப்பைப் பற்ற வைப்பார்கள், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வார்கள். பையன்கள் பையை வீட்டில் போட்டுவிட்டு வெளியே வருவார்கள். எங்கே போவது? ஒற்றை அறை வீட்டில் அப்பா வந்து படுத்திருப்பார். தெருவிளக்கு எரிந்தால் அதன் அடியில், இல்லையென்றால் மதகுக் கட்டையின் மேல். அங்கே நான்கு பேர் சேர்ந்து ஒரு செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வழியாகப் போகும் பெரியவர்கள், “பொழுதுக்கும் மதகுலயே உட்கார்ந்திருக்கானுங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காவல் துறை வாகனம் வந்தால் முதல் விசாரணையும் அவர்களிடம்தான்.

அந்தப் பிள்ளைகள் மதகில் உட்காருவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் கிடையாது. உட்கார வேறு இடம் கிடையாது. இந்த வாரம் இதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

இது பொழுதுபோக்குப் பிரச்சினை அன்று

சாலை, குடிநீர், பட்டா, சுடுகாட்டுப் பாதை என்று இத்தனை கோரிக்கைகள் கிடக்கும்போது, பிள்ளைகள் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்பது பெரிய கோரிக்கையா என்று கேட்கலாம். கேட்பவர்களுக்கு நாங்குநேரியை நினைவுபடுத்த வேண்டும்.

2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவர் ஒருவர் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். வெட்டியவர்கள் வெளியூர் ரவுடிகள் அல்லர், அதே பள்ளியில் படித்த மாணவர்கள். அந்த மாணவர் பள்ளியில் சாதியின் பேரால் சீண்டப்பட்டு வந்திருக்கிறார். அது பொறுக்க முடியாமல் பள்ளிக்குப் போகாமல் நின்றிருக்கிறார். பள்ளியில் விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வெளியே வந்த அன்றைக்கே அரிவாளும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் 18 அன்று அறிக்கை முதலமைச்சரிடம் கொடுக்கப்பட்டது. பள்ளிகளின் பெயரில் உள்ள சாதியை நீக்குவது, கையில் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுப்பது, ஐந்நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு நல அலுவலர் ஒருவரை நியமிப்பது என்று பல பரிந்துரைகள் அதில் இருக்கின்றன. எல்லாம் வேண்டியவைதான்.

ஆனால் நாங்குநேரிச் சம்பவத்தில் நம்மைத் தூங்கவிடாத கேள்வி வேறு. அந்த வெட்டு விழுவதற்கு முன்னால் எத்தனையோ நாட்கள் இருந்தன. அத்தனை நாளும் அந்தப் பிள்ளை மனதில் இருந்ததைச் சொல்ல யார் இருந்தார்கள், எங்கே போய்ச் சொல்லியிருக்க முடியும்? நம் மாவட்டத்தில் இன்று காலை அதே நிலையில் பள்ளிக்குப் போன பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

வெட்டு விழுந்தால் செய்தியாகும். விழாத இடங்களில் நடப்பது செய்தியாவதில்லை. வகுப்பில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு பையன் வீட்டில் சொல்வான். “நமக்கெதுக்குப்பா வம்பு, கண்டுக்காம படி” என்பார் அப்பா. அவர் கோழை அல்லர். மறுநாள் யாருடைய நிலத்தில் கூலிக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆசிரியரிடம் சொன்னால், “எல்லாம் விளையாட்டுக்குத்தான்” என்பார். மூன்றாவது முறை அந்தப் பையன் யாரிடமும் சொல்ல மாட்டான். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு திருப்பூருக்கோ பெங்களூருவுக்கோ வேலைக்குப் போய்விடுவான். பதிவேட்டில் ‘இடைநிற்றல்’ என்று எழுதிக்கொள்வார்கள். எதனால் நின்றான் என்று யாரும் எழுத மாட்டார்கள்.

சட்டம் திறந்த கதவு

பொது இடம் எல்லோருக்கும் பொது என்பது நமக்கு யாரும் இனாமாகக் கொடுத்தது அன்று. 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்ட மேலவையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்தார். பொதுச் சாலை, பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், பொதுக் கட்டடம் எதிலும் எந்த வகுப்பாரும் நடமாடவும் பயன்படுத்தவும் தடையில்லை என்றது அந்தத் தீர்மானம். பிறகு வந்த அரசமைப்புச் சட்டம் 15-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவில் கடை, உணவு விடுதி, கேளிக்கை இடம், அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை, மக்கள் கூடும் இடம் என்று பட்டியலே போட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் செய்யப்பட்ட திருத்தம் இன்னும் நுணுக்கமாகப் போனது. பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பதும், செருப்போ புத்தாடையோ அணிவதைத் தடுப்பதும் குற்றம் என்று எழுதியது. இந்த நாட்டில் புதுச் சட்டை போடுவதற்கும் சட்டம் தேவைப்பட்டது.

கதவைச் சட்டம் திறந்துவிட்டது. உள்ளே போனவரை “வா, உட்கார்” என்று சொல்ல வைக்கச் சட்டத்தால் முடியவில்லை. நம் மாவட்டத்திலேயே பார்த்தோமே. 2020-ல் புவனகிரி ஒன்றியம் தெற்குத் திட்டை ஊராட்சியில், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலித் பெண் தலைவர் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் வெளிவந்தது. வழக்கு, கைது, விசாரணை எல்லாம் நடந்தன. ஊராட்சித் தலைவருக்கே சொந்த அலுவலகத்தில் நாற்காலி இல்லாத காலத்தில், பதினாறு வயதுப் பிள்ளை ஊர் நூலகத்துக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டுப் படிக்கும் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஒரு பார்வை போதும். “இவன் யார் வீட்டுப் பையன்?” என்ற ஒரு கேள்வி போதும். பிள்ளை மறுநாள் வராது. பிறகு, “திறந்துதான் வைத்திருக்கிறோம், அவர்கள்தான் வருவதில்லை” என்று பதில் வரும்.

முன்னோர் இதை அறிந்திருந்தார்கள்

பிள்ளைகளுக்கு ஓர் இடம் என்பது நாம் இன்று புதிதாகக் கண்டுபிடித்த யோசனை அன்று. அண்ணல் அம்பேத்கர் பள்ளிக்கூடத்தில் வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச் சாக்கின் மேல் தனியே உட்கார்ந்தவர். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர், பியூன் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டும் என்ற நிலையில் படித்தவர். பாரிஸ்டராகித் திரும்பி வந்து 1924-ல் அவர் தொடங்கிய அமைப்பு பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபை. அந்தச் சபை முதலில் செய்த வேலைகளைப் பாருங்கள். 1925-ல் சோலாப்பூரில் ஒரு மாணவர் விடுதி. பம்பாயில் இலவசப் படிப்பகம் ஒன்று. கூடவே இளைஞர்களுக்கு ஒரு ஹாக்கி மன்றம்.

ஹாக்கி மன்றம் என்றதும் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கிணற்று நீருக்கும் கோயில் நுழைவுக்கும் போராடிய இயக்கத்துக்கு ஹாக்கி எதற்கு? ஆலை வேலை முடிந்து வரும் இளைஞன் மாலையில் எங்கே போவான் என்று அண்ணல் யோசித்திருக்கிறார். சூதாட்டத்துக்கும் சாராயத்துக்கும் போகாமல் இருக்க வேண்டுமென்றால், போவதற்கு வேறு ஓர் இடம் இருக்க வேண்டும். குடிக்காதே என்று புத்தி சொல்வதோடு நிற்காமல், கையில் மட்டையைக் கொடுத்திருக்கிறார்.

நம் மாவட்டத்துக்கும் அப்படி ஒரு வரலாறு இருக்கிறது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நந்தனின் கதையையே காட்டி நம்மை வெளியே நிறுத்திய ஊரில், நந்தனின் பெயராலேயே பள்ளியும் விடுதியும் எழுந்தன. கிராமங்களில் இருந்து பிள்ளைகளை அழைத்து வந்து, சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்து, படிக்க வைத்தார். அங்கே படித்து மேலே வந்த குடும்பங்கள் இந்த மாவட்டம் முழுவதும் இருக்கின்றன. தீண்டாமை குறித்து இந்தியா முழுவதும் ஆராய்ந்து 1969-ல் அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய எல். இளையபெருமாள் பிறந்ததும் நம் காட்டுமன்னார்கோவில் பகுதியில்தான்.

பெரியவர்களிடம் அந்தக் கால விடுதியைப் பற்றிக் கேட்டால், என்ன பாடம் படித்தோம் என்பதை முதலில் சொல்வதில்லை. யார் தங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதைத்தான் சொல்வார்கள். அதுதான் ஒரு பிள்ளையை நிறுத்தி வைக்கிறது.

இருப்பதும் பூட்டிக் கிடப்பதும்

இன்று அரசிடம் திட்டங்களுக்குக் குறைவில்லை. 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடமும் விளையாட்டு மைதானமும் வந்தன. 2024-ல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் என்று கிரிக்கெட் மட்டை, கைப்பந்து, கேரம் பலகை எல்லாம் கொடுக்கப்பட்டன. பெரும்பாலான குடியிருப்புகளில் சமுதாயக் கூடம் ஒன்று இருக்கிறது. மாநிலம் முழுவதும் ஆதிதிராவிடர் நல விடுதிகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

வாசகர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். உங்கள் ஊராட்சியில் நூலகக் கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று பாருங்கள். மைதானத்துக்குப் போகும் வழி யார் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறது என்று பாருங்கள். விளையாட்டுப் பொருட்கள் எந்த அறையில், யார் சாவியில் இருக்கின்றன என்று கேளுங்கள். சமுதாயக் கூடம் கடைசியாகத் திறக்கப்பட்டது எப்போது, அதற்குள் இப்போது இருப்பது நாற்காலியா, நெல் மூட்டையா, கட்சிக் கொடிக்கம்பமா என்று எட்டிப் பாருங்கள். கணக்கில் இருப்பது வேறு, பிள்ளைக்குக் கிடைப்பது வேறு என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இதற்கு மாறாக நடந்த ஒன்றும் நம் கண் முன்னால் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம். மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள், அந்தந்தக் குடியிருப்பிலேயே, அங்கேயே வாழும் தன்னார்வலர் ஒருவர் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பெரும்பாலும் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய்தான் ஊக்கத்தொகை. திண்ணை, மரத்தடி, கோயில் வாசல் எல்லாம் வகுப்பறை ஆயின. இத்தனைக்கும் பெரிய கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை. பக்கத்தில் இருந்தது, நேரத்துக்குத் திறந்தது, தெரிந்த அக்கா ஒருவர் இருந்தார். பிள்ளைகள் வந்தார்கள்.

இந்த மூன்றையும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை. எட்டாம் வகுப்போடு இல்லம் தேடிக் கல்வி நின்றுவிட்டது. பிரச்சினை தொடங்குவதே அந்த வயதுக்குப் பிறகுதான்.

பெயர் மாறினால் போதுமா?

2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களில் இருந்தும் பொதுப் புழக்கத்தில் இருந்தும் நீக்கப்படும் என்று சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், நலத் துறைகளின் விடுதிகள் ‘சமூகநீதி விடுதி’ என்று அழைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. வரவேற்கிறோம். எந்த விடுதியில் இருக்கிறாய் என்று வகுப்பில் கேட்டால் தலைகுனியாமல் பதில் சொல்லப் பிள்ளைக்கு ஒரு பெயர் வேண்டும்.

பெயர்ப்பலகைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. விடுதி மாணவர்களுக்கான உணவுக் கட்டணம் 2023-ல் உயர்த்தப்பட்டது. பள்ளி விடுதிகளில் மாதம் 1,400 ரூபாய், கல்லூரி விடுதிகளில் 1,500 ரூபாய். பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 47 ரூபாய்கூட வரவில்லை. மூன்று வேளைச் சாப்பாடு அதற்குள். சாப்பாட்டுக்கே இப்படி என்றால், விளையாட, வாசிக்க, ஒருவரோடு மனம் விட்டுப் பேச விடுதியில் என்ன ஏற்பாடு இருக்கும்? காப்பாளர் இரவில் தங்குகிறாரா என்ற கேள்வியோடு விடுதிப் பரிசோதனை முடிந்துவிடுகிறது. காப்பாளருக்குப் பிள்ளைகளின் பெயர் தெரியுமா என்று ஒருமுறையாவது ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் கேட்க வேண்டும்.

இடத்தோடு ஒரு மனிதரும் வேண்டும்

நான்கு சுவரும் மின்விசிறியும் மட்டும் பிள்ளையைக் காப்பாற்றாது. அங்கே ஒரு பெரியவர் இருக்க வேண்டும். ஆலோசகர், மனநல நிபுணர் என்ற பெரிய பட்டங்கள் வேண்டியதில்லை. பிள்ளை ஒரு விஷயத்தைச் சொன்னால் முழுதாகக் கேட்பவர், “கண்டுக்காதே” என்று சொல்லாதவர், ஊர் முழுவதும் பரப்பாதவர், தேவைப்பட்டால் கூட எழுந்து வருபவர். அவ்வளவு போதும்.

எங்கே அழைப்பது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாதிக் கொடுமைக்கு 14566. குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. பள்ளி தொடர்பான புகாருக்கும் வழிகாட்டலுக்கும் 14417. மனம் நொந்து, வாழ்வே வேண்டாம் என்று தோன்றும் நேரத்தில் பேச 14416. இந்த நான்கு எண்களையும் நம் தெருவின் சமுதாயக் கூடச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். தலைவர்களின் படங்களுக்குப் பக்கத்தில் இதற்கும் இடம் இருக்கிறது.

பள்ளியிலும் வழி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மையோர் பெற்றோர்களே. அதில் நம் தெருத் தாய்மார்கள் பலர் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் கூப்பிடுகிறார்கள் என்று ஒதுங்கிவிடாதீர்கள். ‘மாணவர் மனசு’ பெட்டியைத் திறக்கிறார்களா, அதில் வந்த கடிதத்துக்கு என்ன செய்தார்கள் என்று கூட்டத்தில் கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

தனி இடம் பிரிவினையா?

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். நம் தெருவிலேயே படிப்பகம், நம் தெருவிலேயே மைதானம் என்று கேட்டால், ஊரும் சேரியும் பிரிந்தே கிடக்கட்டும் என்று நாமே சொல்வதாகாதா? பொது நூலகத்தில் உரிமை கேட்க வேண்டிய நேரத்தில் தனி நூலகம் கேட்கலாமா?

நியாயமான கேள்விதான். அண்ணல் இரண்டையும் செய்தார் என்பதே நம் பதில். ஒரு பக்கம் சோலாப்பூரில் விடுதியையும் பம்பாயில் படிப்பகத்தையும் திறந்தார். மறுபக்கம் 1927-ல் மகாடு சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கானோரோடு இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளினார். சொந்தமாகக் கூடிப் பேச இடம் இருந்தவர்கள்தான் பொதுக் குளத்துக்குச் சேர்ந்து நடந்தார்கள்.

பிள்ளைகளுக்கும் அதுவே. தன் தெருவில் நான்கு பேர் முன் எழுந்து நின்று பேசிப் பழகிய பெண், கல்லூரிக் கருத்தரங்கில் பேசுவாள். தன் தெருப் படிப்பகத்தில் செய்தித்தாள் படித்துப் பழகிய பையன், மாவட்ட மைய நூலகத்துக்குள் தயங்காமல் போவான். ஊர் நூலகத்தின் மேல் நமக்குள்ள உரிமையை ஒரு நாளும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்த உரிமையை நிலைநாட்டும் வரை பிள்ளை மதகிலேயே உட்கார்ந்திருக்கட்டும் என்று சொல்லவும் கூடாது.

ஊர்த்தெருப் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. நாங்குநேரியில் அரிவாள் எடுத்த கைகளும் பள்ளிப் பிள்ளைகளின் கைகள்தான். அவர்களுக்கும் மாலை நேரத்தில் போக நல்ல இடம் இல்லை. கையில் கயிறு கட்டிவிடும் சாதிச் சங்கம் மட்டும் இருந்தது. கைப்பந்து மைதானத்தில் சேர்ந்து விளையாடிய இரண்டு பிள்ளைகளை எதிர் எதிரே நிறுத்துவது கொஞ்சம் கடினம். கடைசியில் நீதிமன்ற வாசலில் நிற்கப்போவது நீங்களும்தான்.

நம் வீட்டையும் பார்ப்போம்

பிறரைக் கேட்ட கேள்விகளை நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் தெரு மன்றங்களில் யார் உட்காருகிறார்கள்? பெரும்பாலும் இருபது முப்பது வயது ஆண்கள். பெண் பிள்ளைகள் அந்தப் பக்கம் வருவதையே நாம் விரும்புவதில்லை. பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு வீடு, பள்ளி இரண்டைத் தவிர மூன்றாவது இடம் உண்டா? அவளுக்கு ஒரு தொல்லை வந்தால் வீட்டில் சொல்ல முடியாது. சொன்னால் படிப்பை நிறுத்திக் கல்யாணத்தைப் பேசிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். வாரத்தில் சில மாலைகளாவது கூடம் பெண் பிள்ளைகளுக்கே என்று ஒதுக்க வேண்டும். பொறுப்பும் ஒரு பெண்ணிடமே இருக்க வேண்டும்.

அருந்ததியர் வீட்டுப் பிள்ளை, புதிரை வண்ணார் வீட்டுப் பிள்ளை நம் மன்றத்துக்குள் வந்தால் எங்கே உட்காருகிறது? இருளர் குடியிருப்புப் பிள்ளையை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? நம்மை வாசலில் நிறுத்தியவர்களைப் பற்றி மேடையில் பேசிவிட்டு, நமக்குக் கீழே ஒரு படியைத் தேடினால் அண்ணலின் படத்தை மாட்ட நமக்குத் தகுதி கிடையாது. நடை, பேச்சு மாறியிருக்கிறது என்பதற்காகக் கேலி செய்யப்பட்டு ஒதுங்கி நிற்கும் திருநங்கைப் பிள்ளைக்கும் அந்தக் கூடத்தில் ஒரு நாற்காலி இருக்க வேண்டும்.

கட்சிகளுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. மன்றத்துக்கு வரும் பிள்ளைகளைப் பதாகை கட்டவும் மாநாட்டு வேனில் ஏற்றவும் மட்டும் பயன்படுத்தாதீர்கள். வழக்கு ஒன்று பதிவானால் அந்தப் பிள்ளையின் அரசு வேலை போய்விடும். அரசியல் கற்றுக்கொடுங்கள். முதலில் அவனை மாணவனாக இருக்கவிடுங்கள். மாலையில் பிள்ளைகள் படிக்கும் கூடத்தில் இரவில் புட்டி திறக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதை ஊர்ப் பெரியவர்கள் இன்றோடு நிறுத்த வேண்டும்.

என்ன செய்யலாம்?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. கடலூர் மாவட்டத்தில் சுமார் 29 விழுக்காடு. இத்தனை பேர் வாழும் மாவட்டத்தில் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கு 2024-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்கென்று அயோத்திதாசர் பண்டிதர் பெயரில் ஐந்து ஆண்டுகளுக்கு ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டம் 2023-ல் அறிவிக்கப்பட்டது. கேட்டால்தான் கிடைக்கும்.

எனவே கேட்போம். முதலாவதாக, பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடங்கள் தினமும் மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும். விளக்கு, குடிநீர், கழிப்பறை, செய்தித்தாள் இரண்டு, போட்டித் தேர்வுப் புத்தகங்கள் கொஞ்சம், கேரம் பலகை ஒன்று. இதற்கு ஆகும் செலவு, திறப்பு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவைவிடக் குறைவுதான்.

இரண்டாவதாக, ஒவ்வொரு கூடத்துக்கும் உள்ளூரிலேயே படித்து முடித்த ஒரு பெண்ணும் ஓர் ஆணும் பொறுப்பாளர்களாக நியமிக்கப்பட வேண்டும். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். ஊக்கத்தொகை கௌரவமாக இருக்க வேண்டும். பிள்ளைகளோடு பேசுவது எப்படி, புகாரை யாரிடம் கொண்டுபோவது என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும்.

மூன்றாவதாக, ஊராட்சி நூலகமும் மைதானமும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் போகக்கூடிய இடத்தில் இருக்கின்றனவா, உண்மையில் போகிறார்களா என்று மாவட்ட நிர்வாகம் நேரில் ஆய்வு செய்ய வேண்டும். ஆட்சியர் தலைமையில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூட வேண்டிய விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவில், வழக்குகளோடு சேர்த்து இதையும் ஒரு பொருளாக வைக்க வேண்டும். வன்கொடுமை நடந்த பிறகு நிவாரணம் வழங்குவதோடு, நடக்காமல் தடுப்பதும் அந்தக் குழுவின் வேலைதான்.

நான்காவதாக, நீதிபதி சந்துரு குழு சொன்ன பள்ளி நல அலுவலர் நியமனத்துக்குக் காத்திருக்காமல், ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் பிள்ளைகள் நம்பிப் பேசக்கூடிய ஆசிரியர் ஒருவரைப் பிள்ளைகளையே கேட்டு அடையாளம் காண வேண்டும். யாரை நம்பலாம் என்று பெரியவர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குப் போகும்போது இந்தக் கோரிக்கைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளையும் கூட அழைத்துப் போங்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை, ஆனால் உட்கார்ந்து கேட்கத் தடையில்லை. தங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களே எழுந்து சொல்லட்டும். நாம் நினைத்ததைவிடச் சின்னதாகத்தான் கேட்பார்கள். ஒரு விளக்கு, ஒரு பந்து, திட்டாமல் பேசும் ஒரு பெரியவர்.

அதற்கு முன்னால் இன்று மாலையே ஒன்றைச் செய்யலாம். நம் தெருச் சமுதாயக் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டு வாங்கித் திறந்து, கூட்டிப் பெருக்கி, ஒரு பாயை விரித்து வையுங்கள். மதகில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை “வாங்கப்பா, உள்ள வந்து உட்காருங்க” என்று கூப்பிடுங்கள்.